மூன்று ஓலை வரை பொறுக்கலாமா?



இப்பக்கத்திற்கு வரும் மடல்களுக்கு, வந்த வரிசையிலேயே மறுமொழி எழுதுவது என் வழக்கம். ஆனால் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மடலைப் படித்து முடித்தவுடன் வரிசையை மறந்து தொலைபேசியைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் குடும்பத்தின் மூத்த மகள். அவருடைய இசைவுடன், பெயரையும் ஊரையும் நீக்கி, அம்மடலை ஈண்டுச் சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் தந்தையாருக்கு வயது 58. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகம் பழுதுபட்டுவிட்டது என்றார்கள். சென்ற ஆண்டு முதல் வாரம் இருமுறை கள்ளக்குறிச்சிக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இப்போது பத்து நாள்களாக இருமலில் இரத்தம் வருகிறது. கைக்குட்டையில் மறைத்து வைத்திருந்தார். துணி துவைக்கும்போது அம்மா பார்த்துவிட்டார்கள். உடற்சூடு என்று எண்ணி இளநீரும் மோரும் கொடுத்து வருகிறோம். தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகி, வருகிற ஞாயிறன்று கோவிலில் முதல் ஓலை வாசிக்க இருக்கிறார்கள். இது காசநோயாக இருந்து, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவந்தால் என்ன ஆகுமோ என்று அப்பா அஞ்சுகிறார். மூன்று ஓலையும் வாசித்து முடியட்டும், பிறகு மருத்துவரிடம் காட்டலாம் என்கிறார். பொறுக்கலாமா?"

பொறுக்கலாகாது. மூன்று ஞாயிறு என்ன, ஒரு ஞாயிறுகூடப் பொறுக்கலாகாது. தொலைபேசியில் அச்சகோதரியிடம் நான் முதலிற் கேட்டது இரத்தத்தைப் பற்றியன்று. "அப்பா இரவில் எப்படி உறங்குகிறார்?" என்று கேட்டேன். சற்று வியந்து, "ஐந்தாறு நாள்களாகப் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே உறங்குகிறார்" என்றார். டயாலிசிஸ் தவறியதுண்டா என்றேன். நிச்சயதார்த்தத்தன்று ஒருமுறை போகவில்லையாம். கோழை எந்த நிறத்தில் இருக்கிறது என்றேன். சிவப்புக் கோடுகள் சில வேளை. நுரைத்த இளஞ்சிவப்பு நீர் சில வேளை. இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. 108 வண்டியை அழைக்கச் சொன்னேன்.

இருமலில் இரத்தம் கண்டால் நம் மக்களின் மனத்தில் இரண்டே எண்ணங்கள் எழுகின்றன. ஒன்று, சூடு. மற்றொன்று, வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் காசநோய். சிறுநீரகம் பழுதுற்றவர் விஷயத்தில் முதல் எண்ணம் முற்றிலும் பிழை. இரண்டாவது பாதி மெய். பிழையான எண்ணமே விரைவில் உயிரைப் பறிப்பது என்பதால் அதனை முதலிற் பார்ப்போம்.

சூட்டைத் தணிக்க வேண்டும் என்று நாம் கொடுப்பவை யாவை? இளநீர், மோர், பழச்சாறு, கரும்புச்சாறு, பார்லிக் கஞ்சி, ஆடாதோடைக் கஷாயம். அனைத்தும் நீர்மங்கள். நல்ல சிறுநீரகம் உடையவர் இரண்டு லிட்டர் பருகினால் மாலைக்குள் அது வெளியேறிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுள் பலருக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் சிறுநீர்கூட இறங்குவதில்லை. உள்ளே சென்ற நீர் உள்ளேயே தங்கி, முதலில் கணுக்காலிலும் பின்னர் முகத்திலும் வீக்கமாய்த் தோன்றி, முடிவில் நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் கசிகிறது. நீரின் அழுத்தம் மிகும்போது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து சிவப்பணுக்களும் சேர்ந்து கசிவதால் அந்நீர் இளஞ்சிவப்பு நுரையாய் இருமலில் வெளிப்படும். வீட்டாரோ சிவப்பைக் கண்டு சூடு ஏறிவிட்டது என்று இன்னும் ஓர் இளநீரைச் சீவுகிறார்கள்! நீரில் மூழ்கிக்கொண்டிருப்பவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது. ஆயினும் அன்பினால் செய்யப்படுவது. ஆகையால் யாரையும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இளநீரில் வேறொரு தீங்கும் உண்டு. ஓர் இளநீரில் ஏறத்தாழ அரை கிராம் பொட்டாசியம் இருக்கும். காயின் அளவைப் பொறுத்து அதனினும் மிகலாம். இவ்வுப்பை உடலினின்று வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஓர் எல்லைக்கு மேல் ஏறினால், முன்னறிவிப்பு ஏதுமின்றி இருதயம் நின்றுவிடக்கூடும். நலமாயிருப்பவருக்கு இனிய பானமாகிய இளநீர், சிறுநீரக நோயாளிக்கு மருத்துவர் அனுமதியின்றித் தொடக்கூடாத ஒன்று. இதைத் தயவுசெய்து உங்கள் தெருவில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆடாதோடையைப் பற்றி ஒரு வார்த்தை. இருமலுக்கு நம் முன்னோர் கையாண்ட மூலிகை அது. அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் கஷாயத்தை நம்பி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடும் அந்தப் பத்து நாள்கள்தாம் எனக்கு அச்சத்தைத் தருகின்றன.

இனி அத்தந்தையாரின் நிலையைக் கூறுகிறேன். மருத்துவமனையில் நிறுத்துப் பார்த்தபோது அவருடைய எடை 57 கிலோ. டயாலிசிஸ் முடிந்தபின் இருக்க வேண்டிய எடை 52. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எனவே ஐந்து லிட்டர் நீரைச் சுமந்துகொண்டுதான் அவர் திண்ணைத் தூணில் சாய்ந்திருந்தார். அன்றிரவே டயாலிசிஸ் செய்து நீரை இறக்கினார்கள், மறுநாளும் செய்தார்கள். மூச்சுத் திணறல் நீங்கியது. இளஞ்சிவப்பு நுரை நின்றது. படுத்து உறங்கினார். வீட்டார், "பார்த்தீர்களா, காசநோய் இல்லை, வெறும் நீர்தான்" என்று மகிழ்ந்து, ஊர் திரும்ப ஆயத்தமானார்கள்.

சிவப்புக் கோடுகள் மட்டும் நிற்கவில்லை.

நீர் வற்றியபின் எடுத்த எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் ஒன்று எஞ்சியிருந்தது. முதல் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களும் நீரால் வெண்மையாய் இருந்தமையால் அது புலப்படவில்லை. கோழையைச் சோதித்தபோது காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாயிற்று. ஆகவே நீரும் மெய், காசநோயும் மெய். ஒரு காரணம் கிடைத்துவிட்டதனால் மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாது. சிறுநீரக நோயாளியின் இருமலில் காணும் இரத்தத்தைப் பற்றி நான் வற்புறுத்த விரும்புவது இதுவே. இவ்வுடலில் இரண்டு மூன்று காரணங்கள் ஒருங்கே குடியிருக்கக்கூடும். கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் தட்டணுக்கள் தம் ஒட்டும் தன்மையை இழக்கின்றன. ஆதலால் சிறு புண்ணிலிருந்தும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. டயாலிசிஸின்போது இரத்தம் குழாயில் உறையாதிருக்கச் செலுத்தப்படும் ஹெபாரின் மருந்தும் அதனைக் கூட்டும். எனவே கோழையில் ஒரு துளி இரத்தம் கண்டிருந்தாலும், ஊசி ஏற்றுவதற்கு முன்னரே டயாலிசிஸ் பிரிவுச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். ஹெபாரினைக் குறைத்தோ, அறவே தவிர்த்தோ செய்யும் முறை உண்டு. சொல்லாவிட்டால் அவர் எவ்வாறு அறிவார்?

காசநோய் சிறுநீரக நோயாளரை ஏன் தேடி வருகிறது? இளமையில் எப்போதோ சுவாசத்தோடு உட்சென்ற கிருமி, உடலின் காவலால் அடக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் உறங்கிக் கிடக்கும். சிறுநீரகம் கெட்டால் அக்காவலும் தளர்கிறது. சர்க்கரை நோயும் உடனிருந்தால் இன்னும் தளர்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் பன்மடங்கு மிகுதி. மேலும் இவர்களிடம் அது தன் வழக்கமான முகத்தைக் காட்டுவதில்லை. பசியின்மை, மெலிவு, மாலைக் காய்ச்சல், களைப்பு ஆகியவற்றைச் சிறுநீரகத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும் இவர்களிடம் பல வேளைகளில் பொய்த்துவிடும்.

சிகிச்சை உண்டா? ஐயமின்றி உண்டு. ஆனால் அளவு மாறும். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் ஆகியவற்றைப் பெரும்பாலும் வழக்கமான அளவிலேயே தரலாம். பைரசினமைடும் எத்தாம்பூட்டாலும் சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் தேங்கக்கூடியவை. ஆகையால் அவற்றை வாரத்தில் மூன்று நாள் என்று இடைவெளிவிட்டு, டயாலிசிஸ் நாள்களில் அது முடிந்தபின்னரே தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தாமும் அவ்வாறே விழுங்குவது பெரும் தவறு. எத்தாம்பூட்டால் உட்கொள்ளும்போது பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தெரிந்தாலோ உடனே அறிவிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2018 முதல் ஊட்ட உணவுக்கென மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்ட உதவித்தொகை, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோயைக் கண்டறிந்தவுடனேயே எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், எழுந்து நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொள்கிறது. கால் வீக்கம் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரின் அச்சத்திற்கு வருவோம். இவ்வச்சத்தைத் தகர்த்த ஆராய்ச்சி நம் சென்னையில்தான் நடந்தது. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்தில் சேர்த்தும், மற்றொரு பகுதியினரைக் குடிசை வீடுகளிலேயே வைத்தும், இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல உணவும் படுக்கையும் ஓய்வும் பெற்றவர்களுக்கு ஒப்ப வீட்டிலிருந்தவர்களும் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த உறவினருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அம்முடிவு, உலகெங்கும் சானட்டோரியங்களின் கதவுகளை மூட வைத்தது. நோயாளி மருந்து உட்கொள்ளத் தொடங்கிய பின்னர் வீட்டாருக்கு ஏற்படும் ஆபத்து விரைவாகக் குறைகிறது. மருந்தின்றி மறைத்து வைத்த நாள்களில்தான் அது மிகுதி. ஓலை வாசிக்கும் மூன்று வாரமும் கல்யாண வேலையாக வீட்டிற்கு வந்துபோகும் உறவினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் வாசகர்கள் அறிந்த ஒருவரை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் லிசியே மடத்துச் சிறுமலர் தெரேசம்மாளின் வாய்க்குக் குபுக்கென்று ஏதோ ஏறி வந்தது. விளக்கை ஏற்கெனவே அணைத்துவிட்டமையால் அவர் பார்க்கவில்லை. விடிந்தபின் சாளரத்தருகே கைக்குட்டையை விரித்தபோது இரத்தமெனக் கண்டார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், 24ஆம் வயதில் காசநோயால் மரித்தார். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். இரத்தத்தை விண்ணக அழைப்பாக எண்ணி மகிழ்ந்த அவரும், மறுநாட்காலையிலேயே மடத்துத் தலைவியிடம் அதனை அறிவித்துவிட்டார் என்பதை நான் அச்சகோதரியின் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பத்து நாள் மறைத்தவர். சிரித்துவிட்டார்.

சிறுநீரகமும் நுரையீரலும் ஒரே நோயால் ஒரே வேளையில் தாக்கப்படுவதும் உண்டு. அரிதே ஆயினும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஏனெனில் இதில் நாள்கணக்கன்று, மணிக்கணக்கே உயிரை முடிவு செய்கிறது. 1919ஆம் ஆண்டு, உலகை உலுக்கிய விஷக்காய்ச்சலின்போது, அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர், நுரையீரலில் இரத்தம் கசிந்து சிறுநீரகமும் அழற்சியுற்று மரித்த 18 வயது இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதினார். 1958இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர் அத்தகைய நோயாளிகள் சிலரை விவரித்து, அதற்குக் குட்பாஸ்ச்சர் பெயரையே சூட்டினார்கள். காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்விலும் நுரையீரல் நுண்ணறைகளின் சவ்விலும் ஒரே வகைப் புரதம் அமைந்துள்ளது. உடலின் காவற்படை அப்புரதத்தைப் பகையெனக் கருதி இரண்டிடத்தும் தாக்குகிறது. இதைப்போலவே இரத்தக் குழாய்களின் அழற்சி நோய்கள் சிலவும், இளம்பெண்களுக்கு வரும் லூபஸ் நோயும் இரு உறுப்புகளையும் ஒருங்கே தாக்கக்கூடும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த வயல்நீரில் நிற்கும் உழவருக்கு வரும் எலிக்காய்ச்சலும் அவ்வாறே செய்யும்.

முன்பு சிறுநீரக நோயே இல்லாத ஒருவருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ சிறுநீர் குறைந்து, இறைச்சி கழுவிய நீர் போலவோ தேநீர் போலவோ நிறம் மாறி, இருமலிலும் இரத்தம் காணுமாயின், அவரைச் சிறுநீரக மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்ல வேண்டும். இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் சிகிச்சையையும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையும் இணைத்துத் தரும் முறை 1976 முதல் கையாளப்படுகிறது. சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோவதற்கு முன் தொடங்கினால் மீளும் வாய்ப்பு மிகுதி. பின் தொடங்கினால் உயிர் பிழைத்தாலும் சிறுநீரகம் மீள்வது அரிது. பீடி, சிகரெட் புகைப்பவர்களிடம் இந்நோயால் நுரையீரலில் இரத்தம் கசிவது மிகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் என்ற சொல் கள்ளக்குறிச்சி மக்களுக்குப் புதிதன்று. 2024 சூன் திங்களில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, அந்நஞ்சை இரத்தத்தினின்று நீக்கும் வழி என்று அச்சொல் தெருவெங்கும் ஒலித்தது. அப்போது சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் வண்டிகள் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று; 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சமவெளியில் வாழ்வோருக்குத் தொலைவு குறைந்துவிட்டது. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் வாழும் நோயாளிக்கோ, ஐப்பசி கார்த்திகை மழையில் மலைப்பாதை இறங்கி வருவது இன்றும் ஒரு நாள் வேலை. அம்மலைமக்களிடம், "ஏன் ஒரு முறை தவறினீர்கள்?" என்று கோபிப்பவர்கள், ஒருமுறையாவது அந்தப் பேருந்தில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். ஆயினும் தவறிய டயாலிசிஸுக்கு நீர் காத்திராது. மழை வலுக்கும் என்று தோன்றினால், முதல் நாளே இறங்கி வந்து உறவினர் வீட்டில் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதைக் கூறுகிறேன். எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அது ஆடம்பரமன்று. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்து, நாட்காட்டித் தாளில் எழுதிவையுங்கள். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில், 50 கிலோ எடையுள்ளவர் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாதிருப்பது நலம். நாள் முழுவதும் பருகத்தக்க அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து, அதைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, காப்பிக்கும் கஞ்சிக்கும் குழம்புக்கும் அதிலிருந்தே கணக்கிடுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றை இலையிலிருந்து நீக்குங்கள். உப்பு குறைந்தால் தாகம் தானே குறையும். உடல்வலிக்கு மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை அறவே விடுங்கள்.

இரத்தம் கண்டால், அது இருமலில் வந்ததா, வாந்தியில் வந்ததா என்று பாருங்கள். இருமலில் வருவது செந்நிறமாய் நுரை கலந்திருக்கும். வயிற்றினின்று வருவது காப்பித்தூள் போலக் கறுத்து, உணவுத் துணுக்குகளுடன் வரும். இரண்டும் ஆபத்தே, ஆனால் சிகிச்சை வேறு. பல் ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் கசிந்து தொண்டையில் இறங்கியதாகவும் இருக்கலாம். கோழையை ஒரு மூடியுள்ள புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அருவருக்க மாட்டார், நன்றி சொல்வார். மூச்சுத் திணறினால் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரு தம்ளர் அளவு இரத்தம் வந்தாலோ, பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். அவ்வேளையில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இரத்தம் குறைவதால் வருவதன்று. இரத்தம் மூச்சுக்குழாயை அடைப்பதால் வருவது.

அச்சகோதரி சென்ற வாரம் மீண்டும் பேசினார். மாப்பிள்ளை வீட்டாரிடம் செய்தியை மறைக்காமல் சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் முன்னொரு காலத்தில் அதே மாத்திரை உண்டு குணமானவர் என்பது அப்போதுதான் வெளிவந்தது. இரண்டு ஓலைகள் வாசிக்கப்பட்டுவிட்டன. தந்தையாரின் எடை இப்போது டயாலிசிஸுக்கு முன் 54ஐத் தாண்டுவதில்லை. வீட்டிலுள்ள அனைவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், எவருக்கும் நோயில்லை. தாத்தாவின் மடியிலேயே வளரும் மூன்று வயதுப் பேரனுக்கு மட்டும் நோய் வராமல் தடுக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். "நோயே இல்லாத குழந்தைக்கு மருந்து எதற்கு?" என்று பாட்டி கோபித்துக்கொள்கிறாராம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அக்கிருமி மூளைவரை விரைந்து பரவக்கூடும்; ஆகையால், நோய் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பின்னர், முன்கூட்டியே இம்மாத்திரையைக் கொடுக்கிறார்கள். பாட்டியம்மா, குழந்தை நலமாய் விளையாடுகிறது என்று இடையில் நிறுத்திவிடாமல், மருத்துவர் குறித்த நாள்வரை நாள் தவறாது கொடுத்து வாருங்கள்.